‘பிளாக் நேட்டிவிட்டி’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுகளை அனுப்பிவைப்பது என் பழக்கம். அவற்றில் ‘பிளாக் நேட்டிவிட்டி’ பாட்டு ஒன்றாவது இருக்கும். அனுப்பிய அரை மணி நேரத்தில் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன்.

இது நாடகமா, கச்சேரியா, ஆராதனையா?

மூன்றும்தான். பெயருக்குக் ‘கறுப்பின இயேசு பிறப்பு’ என்று பொருள். எழுதியவர் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். 1961 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கின் 41ஆம் தெரு தியேட்டரில் முதன்முதலாக மேடையேறியது. ஹியூஸ் இதைக் ‘காஸ்பல் பாட்டு நாடகம்’ என்று சொன்னார். கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. மரியாள், யோசேப்பு, சத்திரம், மாட்டுக்கொட்டில், மேய்ப்பர்கள், கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் என்று லூக்காவும் மத்தேயுவும் சொன்ன அதே கதைதான். ஆனால் அது கறுப்பினச் சபை ஒன்றின் பாட்டிலும் ஆட்டத்திலும் நடக்கிறது. பேச்சு கொஞ்சம்தான், ஒரு கதைசொல்லி அவ்வப்போது இழுத்துக் கொடுப்பார். மற்றதெல்லாம் பாட்டு.

காஸ்பல் என்றால் சுவிசேஷம்தானே? அதில் தனியாக ஓர் இசை வகை எப்படி வந்தது?

சொல்லுக்கு அர்த்தம் சுவிசேஷம்தான். இசை வகையாகப் பார்த்தால் இரண்டு தலைமுறைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது ஸ்பிரிச்சுவல். அடிமைகளாக இருந்தவர்கள் வயலிலும் ரகசியக் கூட்டங்களிலும் பாடிய பாட்டுகள் இவை. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. 1871இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்லூரி பணமில்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, அதன் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் ஒன்பது மாணவர்களைச் சேர்த்துப் பாட்டுப் பயணம் கிளம்பினார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். வெள்ளைக்காரர்கள் முன்னால் முதலில் அவர்கள் இந்தப் பாட்டுகளைப் பாடத் தயங்கினார்கள். அம்மா அப்பா வேதனையில் பாடியதை டிக்கெட் போட்டு விற்பதா என்ற கூச்சம். கடைசியில் கல்லூரியைக் காப்பாற்றியது அந்தப் பாட்டுகள்தான். 1873இல் விக்டோரியா மகாராணி முன்பும் பாடினார்கள். 1884இல் கிளம்பி ஆறு வருடம் உலகம் சுற்றிய பிற்காலக் குழு ஒன்று இந்தியாவுக்கும் வந்துபோயிருக்கிறது. நாம் இன்று கேரல் பாட்டாகப் பாடும் ‘கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்’ இந்த வழியில் வந்ததுதான். ஃபிஸ்க்கைச் சேர்ந்த ஜான் வெஸ்லி வொர்க் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அச்சில் ஏற்றினார்.

இரண்டாவதுதான் காஸ்பல். இது நகரத்துச் சரக்கு. தாமஸ் டார்சி என்ற புளூஸ் பியானோக்காரர் ஒரு காலத்தில் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் கொச்சையான பாட்டுகளுக்கெல்லாம் வாசித்தவர். 1930களில் அவர் சிகாகோவின் பில்க்ரிம் பாப்டிஸ்ட் சபையில் அதே புளூஸ் நடையைத் துதிப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். சாராயக்கடை இசையைச் சபைக்குள் விடுவதா என்று பல போதகர்கள் அவரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். 1932இல் பிரசவத்தில் அவர் மனைவி இறந்துபோனார், பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய பாட்டு இன்றும் கறுப்பின மக்களின் சாவு வீடுகளில் பாடப்படுகிறது. பியானோ, ஹாமண்ட் ஆர்கன், கஞ்சிரா போன்ற தாம்பூரின், நான்கு தட்டுத் தாளத்தில் இரண்டாவது நான்காவது தட்டில் விழும் கைதட்டு எல்லாம் இந்தத் தலைமுறை.

ஹியூஸ் செய்தது என்னவென்றால், கிறிஸ்துமஸ் கதைக்குப் பழைய ஸ்பிரிச்சுவல்களை எடுத்துக் காஸ்பல் பாடகர்கள் கையில் கொடுத்ததுதான்.

ஹியூஸ் அவ்வளவு பக்தியுள்ளவரா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில்: இல்லை.

1940இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே ஒரு சம்பவம் சொல்கிறார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. கான்சாஸில், அவரை வளர்த்த அத்தையின் சபையில் எழுப்புதல் கூட்டம். இன்னும் இரட்சிக்கப்படாத பிள்ளைகளை முன்வரிசை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். இயேசு வரும்போது ஒரு வெளிச்சம் தெரியும், உள்ளுக்குள் ஏதோ நடக்கும் என்று அத்தை சொல்லியிருந்தார். பையன் அதை அப்படியே நம்பிக் காத்திருக்கிறான். மற்ற பிள்ளைகள் இரட்சிக்கப்பட்டதாக ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போகிறார்கள். பக்கத்தில் இருந்த பையனும், உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய், வா எழுந்து போய்விடலாம் என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான். இவன் மட்டும் தனியாக. அத்தை அழுகிறார், சபையே ஜெபிக்கிறது, நேரம் போகிறது. ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் எல்லோரையும் காக்க வைக்கிறோமே என்ற வெட்கத்தில் எழுந்துவிடுகிறான். சபை ஆர்ப்பரிக்கிறது.

அன்று ராத்திரி போர்வைக்குள் அழுகிறான். பரிசுத்த ஆவி இறங்கியதால் பிள்ளை அழுகிறான் என்று அத்தை மாமாவிடம் சொல்வது காதில் விழுகிறது. அவன் அழுதது பொய் சொல்லிவிட்டோமே என்றுதான். இயேசு உதவிக்கு வரவில்லை, அதனால் அவர் இருக்கிறார் என்று இனி நம்ப முடியாது என்றும்தான்.

அந்தப் பையன்தான் அறுபதை நெருங்கும் வயதில் இந்த நாடகத்தை எழுதுகிறான். வெளிச்சம் தெரியவில்லையே தவிர, அந்தக் கூட்டத்தின் பாட்டும் தாளமும் அவரை விடவே இல்லை. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் சின்னச் சின்னச் சபைகளுக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்து கேட்கும் ஆள் அவர். நாடகத்தில் உபதேச வாடை அடிக்காததற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. நம்பு என்று அது யாரையும் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

மேடையில் என்னதான் நடக்கும்?

இரண்டு பாகங்கள். முதல் பாகம் பிறப்பு. இரண்டாவது, அந்தச் செய்தி பரவிய கதை.

முதல் பாகத்தில் கவனிக்க வேண்டியது மரியாளும் யோசேப்பும். இருவரும் வாய் திறப்பதே இல்லை, ஆடுகிறார்கள். நம் சபை நாடகங்களில் யோசேப்பு ஒட்டுத்தாடியோடு வந்து “ஐயா, என் மனைவி நிறைமாத கர்ப்பிணி” என்று கெஞ்சுவாரே, அந்த வசனமே இங்கே கிடையாது. இருவரும் வாசல் வாசலாகப் போகிறார்கள். இடமில்லை என்பதைப் பாடகர்கள் பாடுகிறார்கள்.

அப்புறம் பிறப்புக் காட்சி. வேறு எந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்திலும் இப்படி இருக்காது என்று தைரியமாகச் சொல்வேன். நமக்குப் பழக்கமான குடிலில் மரியாள் எப்போதும் நீலச் சேலையில் கை கூப்பி உட்கார்ந்திருப்பார், குழந்தை எப்படியோ வைக்கோலில் வந்துவிட்டிருக்கும். இங்கே மரியாளுக்குப் பிரசவ வலி வருகிறது. ஆப்பிரிக்கத் தாளவாத்தியங்கள் அடிக்க, அந்த அடிக்கு ஏற்ப அவள் உடம்பு சுருங்கி விரிகிறது. பாட்டு நின்றுவிடும், தோல் வாத்தியம் மட்டும் கேட்கும். சுற்றிலும் பெண்கள் நின்று தாங்கிக்கொள்கிறார்கள். குழந்தை பிறந்த பிறகுதான் பாட்டு திரும்ப வெடிக்கும்.

அந்த ‘இடமில்லை’ காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, ஏன்?

தமிழ் வேதாகமத்தில் அது இப்படி இருக்கும்: “சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்.” நாம் அதை வேகமாக வாசித்துவிட்டு முன்னணைக்குப் போய்விடுவோம். ஊரில் கூட்டம், அறை நிரம்பிவிட்டது, அவ்வளவுதான் என்று.

1961இல் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் ஒன்றுக்கு அது அவ்வளவுதான் இல்லை. காரில் தெற்கே பயணம் போனால் ராத்திரி தங்க எந்த ஹோட்டலில் கதவு திறக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே ஒரு கையேடு இருந்தது. ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936இல் தொடங்கியது. எந்த ஊரில் எந்த விடுதி, எந்த வீடு, எந்த முடிதிருத்தகம் கறுப்பர்களை ஏற்கும் என்று பட்டியல் போட்டுப் பல வருடங்கள் வந்தது. காலி அறை இருந்தாலும் இடமில்லை என்பார்கள். நாடகம் மேடையேறிய அதே வருடம் மே மாதத்தில்தான், பேருந்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து போனதற்காக அலபாமாவில் ஒரு பேருந்தையே கொளுத்தினார்கள்.

ஆக, யோசேப்பு கதவைத் தட்டும்போது கறுப்பினப் பார்வையாளர்களுக்கு அது சொந்த அனுபவம். மேடையில் யாரும் அரசியல் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவும் இல்லை. விடுதிகளில் இப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் வந்தது 1964இல். அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டல் அதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. மோட்டல் தோற்றது. தீர்ப்பு வந்த தேதி அதே வருடம் டிசம்பர் 14, கிறிஸ்துமஸுக்குப் பதினொரு நாள் முன்னால்.

பெயரில் ஏதோ சண்டை வந்ததாமே?

வந்தது. நாடகத்துக்கு முதலில் வைத்த பெயர் வேறு. ‘அது எப்பேர்ப்பட்ட நாள்!’ என்கிற பொருளில் ஒரு பாட்டு வரி. பிறகு ‘பிளாக் நேட்டிவிட்டி’ என்று மாற்றினார்கள். முதலில் ஆட ஒப்புக்கொண்டிருந்த ஆல்வின் எய்லியும் கார்மன் டி லாவலாடும் இந்தப் பெயர்த் தகராறில் திறப்பு நாளுக்கு முன்பே விலகிவிட்டார்கள்.

இன்றைக்கு யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் 1961இல் ‘நீக்ரோ’ என்பதுதான் மரியாதைச் சொல். ‘பிளாக்’ என்பது பலர் காதில் வசைபோல விழுந்த காலம் அது. அந்தச் சொல் பெருமைக்குரியதாக மாற இன்னும் சில வருடங்கள் ஆயின. அதை முன்கூட்டியே சுவரொட்டியில் பெரிதாகப் போட்டுவிட்டது இந்த நாடகம். பழைய பெயரே இருந்திருந்தால் நாம் இதைப் பற்றி இன்று பேசிக்கொண்டிருப்போமா என்பது சந்தேகம்தான்.

முதல் தயாரிப்பில் யார் யார்?

இயக்கம் வினெட் கேரல். பிறகு 1972இல் நியூயார்க்கின் முதன்மை நாடக மேடைகளான பிராட்வேயில் நாடகம் இயக்கிய முதல் கறுப்பினப் பெண் என்று பெயர் வாங்கியவர். பாடியவர்கள் மேரியன் வில்லியம்ஸும் அவருடைய ‘ஸ்டார்ஸ் ஆஃப் ஃபெய்த்’ பெண்கள் குழுவும், அலெக்ஸ் பிராட்ஃபோர்டும் அவர் குழுவும், பிரின்சஸ் ஸ்டூவர்ட் என்ற பாடகியும்.

மேரியன் வில்லியம்ஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. பாடிக்கொண்டே இருக்கும்போது குரல் திடீரென்று உச்சிக்குத் தாவி “ஊ!” என்று ஒரு கூவல் விடும். ராக் அண்ட் ரோல் கேட்பவர்களுக்கு லிட்டில் ரிச்சர்டின் கூவல் ஞாபகம் வரும். அவர் எடுத்துக்கொண்டது இவரிடமிருந்துதான். 1993இல் மேரியனுக்கு, ‘மேதைகள் விருது’ என்று சொல்லப்படும் மெக்கார்தர் விருது கிடைத்தது. அடுத்த வருடம் காலமானார்.

நல்லா ஓடியதா?

நியூயார்க்கில் 57 காட்சிகள். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. அதை உலகத்துக்குக் கொண்டுபோனது ஐரோப்பா. 1962 கோடையில் இத்தாலியின் ஸ்போலெட்டோ விழாவில் போட்டார்கள், கூட்டம் எழுந்து நின்றது. அங்கிருந்து லண்டன், அப்புறம் ஊர் ஊராக. கோடையில் கிறிஸ்துமஸ் நாடகமா என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

இரண்டாம் பாதி எதற்கு? பிறப்போடு முடித்திருக்கலாமே?

இந்தப் புகாரைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டாம் பாதியில் கதை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லைதான். பெத்லகேம் மறைந்து நிகழ்காலச் சபை வந்துவிடுகிறது. பாட்டு, சாட்சி, பிரசங்கம் என்று ஆராதனை நடக்கிறது. நாடகம் பார்க்க வந்தவருக்கு இது வெறும் கச்சேரி போலத் தோன்றலாம்.

ஆனால் என்னைக் கேட்டால், மொத்த வித்தையும் இங்கேதான் இருக்கிறது. கறுப்பினச் சபையில் போதகர் ஒரு வரி சொன்னால் சபை பதில் வரி கொடுக்கும். வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுகிற மாதிரி. அந்தப் பதில் வராவிட்டால் போதகருக்கு அடுத்த வரி எழும்பாது. இங்கே பார்வையாளர்களை அப்படி மாற்றிவிடுகிறார்கள். முதல் பாதியில் டிக்கெட் வாங்கிய ஆளாக உட்கார்ந்திருந்தவர் இரண்டாம் பாதியில் சபையாக ஆகிவிடுகிறார்.

அப்படியென்றால் கைதட்டலாமா, எழுந்து ஆடலாமா?

தாராளமாக. சும்மா உட்கார்ந்திருந்தால்தான் பாடுபவர்கள் சங்கடப்படுவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒன்றிலும் மூன்றிலும் தட்டாதீர்கள். இரண்டிலும் நான்கிலும்.

இயேசுவைக் கறுப்பராகக் காட்டுவது சரித்திரப்படி சரியா?

இத்தாலிய ஓவியர்கள் மரியாளுக்குப் பொன்னிறக் கூந்தலும் வெள்ளைத் தோலும் வைத்தபோது சரித்திரம் யார் பார்த்தார்கள்? பெத்லகேம் மேற்காசியாவில் இருக்கிறது. எந்த ஊர் வரைந்தாலும் அந்த ஊர் முகம்தான் வந்தது. ஒரு வேடிக்கை, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஐரோப்பிய ஓவியர்களே மூன்று ஞானிகளில் ஒருவரைக் கறுப்பராக வரைய ஆரம்பித்துவிட்டார்கள். காணிக்கை கொண்டுவரலாம், வீட்டுக்காரராக மட்டும் இருக்க முடியாது. ஹியூஸ் அந்தக் குடும்பத்தையே மாற்றி உட்கார வைத்தார்.

இன்றும் எங்காவது போடுகிறார்களா?

ஒவ்வொரு டிசம்பரும் பல ஊர்களில். மிக நீண்ட வரிசை பாஸ்டனுடையது. எல்மா லூயிஸ் என்ற அம்மையார் 1968இல் தொடங்கிய ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்களுக்கான தேசிய மையம் அதை 1970 முதல் நடத்தி வருகிறது. அங்கே கொயர் என்றால் பத்துப் பதினைந்து பேர் இல்லை, நூற்றைத் தாண்டும். சின்னப் பிள்ளைகள் ஒரு அணி, பெரியவர்கள் ஒரு அணி. குழந்தையாக மேடை ஏறியவர்கள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். செயின்ட் பால் நகரின் பெனம்ப்ரா தியேட்டர் 1980களிலிருந்து போட்டிருக்கிறது. ஹியூஸ் பள்ளி நாட்களில் போய்வந்த கிளீவ்லாந்தின் கராமு இல்லம் என்ற கலை மையத்திலும் போட்டிருக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் நாடகம் மாறும். பாட்டு வரிசை மாறும், நடனம் மாறும், சில இடங்களில் கதைசொல்லி சமகாலத்துக்கு வந்துவிடுவார். ஹியூஸின் பிரதியே மெலிந்தது. எலும்புக்கூடு மாதிரி, சதையை அந்தந்த ஊர்ப் பாடகர்கள்தான் வைக்க வேண்டும். ஒரு ஊரில் பார்த்துவிட்டு நாடகமே இப்படித்தான் என்று முடிவுகட்டக் கூடாது.

2013இல் வந்த படமும் இதுதானா?

பெயர் அதுதான், கதை வேறு. காசி லெமன்ஸ் இயக்கியது. பால்டிமோரிலிருந்து ஒரு பையனை ஹார்லெமில் இருக்கும் தாத்தா பாட்டி வீட்டுக்கு அவன் அம்மா அனுப்பிவைக்கிறாள். தாத்தா ஒரு போதகர். அவர் சபையில் ‘பிளாக் நேட்டிவிட்டி’ போடுகிறார்கள். தாத்தாவாக ஃபாரஸ்ட் விட்டேகர், பாட்டியாக ஏஞ்சலா பாசெட், அம்மாவாக ஜெனிஃபர் ஹட்சன். பாட்டுக்காகப் பார்க்கலாம். நாடகத்துக்குப் பதிலாகப் பார்க்காதீர்கள்.

எங்கள் குழு இதைப் போடலாமா?

ஹியூஸ் 1967இல் இறந்தார், பிரதியின் உரிமை இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் வாங்காமல் போடக் கூடாது, மொழிபெயர்க்கவும் தனியாக அனுமதி வேண்டும். பழைய ஸ்பிரிச்சுவல்கள் பொதுச் சொத்து. ஆனால் நீங்கள் இணையத்தில் எடுக்கும் இசைக்குறிப்பு யாரோ சமீபத்தில் அமைத்ததாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் கறுப்பு மை பூசும் யோசனை யாருக்காவது வந்தால் அந்தக் கூட்டத்தை அங்கேயே கலைத்துவிடுங்கள். அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் அப்படிப் பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்ததற்கு நூறாண்டுக்கும் மேல் வரலாறு இருக்கிறது.

முதலில் எதைக் கேட்கலாம்?

முதல் குழுவின் பாட்டுகளை வீ-ஜே நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. இணையத்தில் கிடைக்கும். ஒலிப்பதிவு பழசு, கொஞ்சம் கரகரக்கும். காதுமாட்டி வைத்துக்கொண்டு கேளுங்கள், ஆனால் நேரே பாட்டுக்காரர்களைக் கேட்காதீர்கள். பின்னால் கைதட்டும் பெண்களைக் கேளுங்கள். முதல் அடியில் தாளம் சாதாரணமாகப் போகும். பாட்டு சூடேறியதும் கைதட்டு இரட்டிப்பாகும், தாம்பூரின் மேலே ஏறிக்கொள்ளும், யாரோ ஒருவர் முறை வராமலே ஒரு கூச்சல் போடுவார். முன்னால் பாடுபவர் சொன்ன வரியையே நான்கைந்து தடவை திருப்பிச் சொல்வார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் காதுமாட்டியைக் கழற்றப்போவீர்கள். கழற்றாதீர்கள், திரும்ப ஆரம்பிப்பார்கள்.